விலையுயர்ந்த பொருட்கள்: இல்லை

1

உங்கள் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டு வருடத்துக்கு ஒரு முறை எனக்குக் கடிதம் வருகிறது. உறவுக்காரர்கள் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். கேட்பது அசுரான்ஸ் கம்பெனி. புதுச்சேரியில் இருக்கிறவர்களுக்கு இந்தச் சொல் பழக்கம்தான், மற்றவர்கள் இன்சூரன்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரான்ஸில் வாடகை வீட்டின் சாவி கைக்கு வரவேண்டும் என்றால் முதலில் அந்தக் காகிதத்தைக் காட்டியாக வேண்டும். வீட்டுக்கு மட்டுமல்ல, உள்ளே இருக்கிற கட்டில், சோபா, துணிமணி, மிக்ஸி என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து. இதை முதன்முதலில் என் தங்கை செல்வியிடம் போனில் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சாமானுக்கா? இட்லி குண்டானுக்குமா அக்கா? அது தொலஞ்சா கவர்மெண்ட் புதுசு வாங்கித் தருமா?"

நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் இன்சூரன்ஸ் கட்டியது ஒரே ஒரு பொருளுக்குத்தான். அப்பாவின் மொபெட்டுக்கு. அதுவும் போலீஸ்காரர் மடக்கினால் காட்டுவதற்கு.

இந்த வருடக் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. வழக்கமாக அதைப் பிரிக்காமல் இழுப்பறையில் போட்டுவிடுவேன். எதுவும் மாறவில்லை என்றால் பதில் எழுதத் தேவையில்லை. இந்த முறை அப்படி விடமுடியாது, எங்கள் வீட்டில் திருட்டு நடந்து சரியாக ஒரு வருடம் ஆகிறது. திருட்டு நடந்த வீடு என்பதால் விவரங்களைப் புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.

2

பாரிஸுக்கு வடக்கே இருக்கிற இந்தக் குடியிருப்புக்கு நாங்கள் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. என் வீட்டுக்காரர் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறார். நான் ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு கழுவி, பரிமாறி, மறுபடியும் தட்டு கழுவுகிறேன். இங்கே வந்து இத்தனை வருடம் ஆகியும் என் பிரெஞ்சு சாப்பாட்டுக் கூடத்தைத் தாண்டி வெளியே வரவில்லை. ஆபீஸ் என்றால் மகள் நிலாதான் வாய். இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது.

அசுரான்ஸ் ஆபீசில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். மூன்று வகை இருக்கிறது என்றாள். முதல் வகையில் தண்ணீர், நெருப்பு மட்டும். இரண்டாவதில் திருட்டும் சேரும். மூன்றாவதில் நகை, வெள்ளி, ஓவியம் மாதிரி விலையுயர்ந்த பொருட்களும் சேரும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் மாதத்துக்கு நாலு யூரோ சொச்சம்தான் வித்தியாசம். நான் அதற்குத் தயங்கினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

"வீட்டில் நகை இருக்கிறதா?" என்று அந்தப் பெண் கேட்டாள். இருந்தால் படம் எடுத்து, பில்லோடு தரவேண்டும், தேவைப்பட்டால் ஒரு ஆள் வீட்டுக்கு வந்து பார்த்து மதிப்புப் போடுவார் என்றாள்.

என் வீட்டுக்காரர் தமிழில் முணுமுணுத்தார். "ஆளு வந்து பாத்துட்டுப் போனா, அவன் வெளிய போயி யார்கிட்ட சொல்லுவானோ. வேணாம்."

அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். எனக்கே அது ரத்தத்தில் ஊறியது. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்குள் நோட்டுப் புத்தகத்தோடு யார் நுழைந்தாலும், ரேஷன் கார்டுக்கு வந்தாலும் சரி, மக்கள்தொகை எடுக்க வந்தாலும் சரி, அம்மா முதலில் செய்வது கழுத்துச் சங்கிலியை ரவிக்கைக்குள் தள்ளுவதுதான். வளையலைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போடுவாள். அதற்கப்புறம்தான் வாசலுக்குப் போவாள். "எங்ககிட்ட இன்னா சார் இருக்குது, உள்ள வந்து பாருங்க" என்பாள். பக்கத்து வீட்டில் கேட்டாலும் அதே பதில்தான் வரும். அதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. சர்க்கார் ஆள் கேட்டால் ஒன்றும் இல்லை என்று சொல்வது, விருந்தாளி வந்தால் சாப்பிட்டீங்களா என்று கேட்பது மாதிரி ஒரு மரியாதை.

நிலா அந்தப் பெண்ணைப் பார்த்து பிரெஞ்சில் ஆரம்பித்தாள். "அம்மாவிடம் இருக்கிறது..." என்கிற வரை எனக்கும் புரிந்தது. மேசைக்கு அடியில் அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன்.

அவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அந்தச் சின்னப் பெண்ணிடம், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், சிரித்த முகத்தோடு சொன்னேன். "இல்லை, ஒன்றும் இல்லை." அவள் இரண்டாவது வகையில் குறி போட்டு, விலையுயர்ந்த பொருட்கள் என்பதற்கு நேராக "இல்லை" என்று தட்டினாள். நான் கையெழுத்துப் போட்டேன். மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று அந்தக் காகிதத்தின் அடியில் ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழேதான் கையெழுத்து.

வெளியே வந்ததும் நிலா, அம்மா என்பதை எப்போதும் போலப் பிரெஞ்சிலேயே கூப்பிட்டுச் சொன்னாள். "மமோன், அவங்க போலீஸ் இல்ல. உனக்கு உதவி பண்ணத்தான் கேட்டாங்க."

"உனக்குத் தெரியாது. வாயை மூடிக்கிட்டு வா" என்றேன். அதற்குப் பிறகு அவள் எனக்காக ஆபீசுக்கு வருவது குறைந்துகொண்டே போனது.

3

அந்த நகையின் கதையைச் சொல்லாவிட்டால் இதில் அர்த்தமில்லை.

இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளை என்றால் எங்கள் பக்கம் என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் கேட்ட சவரனுக்கு எங்கள் வீட்டில் இருந்தது பாதிதான். மீதிக்கு அம்மா செல்விக்கென்று சேர்த்து வைத்திருந்த கல் அட்டிகையையும் காசு மாலையையும் எடுத்து என் கழுத்தில் போட்டாள். அப்போது செல்விக்குப் பதினேழு வயது. அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

"அக்கா பிரான்சுக்குப் போறா. உன் கல்யாணத்துக்குள்ள இத மாதிரி ரெண்டு பங்கு செஞ்சு அனுப்புவா" என்று அம்மா சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

மூன்று வருடம் கழித்துச் செல்விக்குக் கல்யாணம். எனக்கு நிலா பிறந்து நாற்பது நாள். போக முடியவில்லை. நகையும் போகவில்லை. யாரிடம் கொடுத்து அனுப்புவது, விமான நிலையத்தில் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று எனக்கு நானே நூறு காரணம் சொல்லிக்கொண்டேன். தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிற மாப்பிள்ளைக்கு, இருந்ததைப் போட்டு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அம்மா சாகும்வரை, "அவ பொண்ணுக்குப் பெரியம்மாதான் செய்வா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த அட்டிகையைப் போட்டுக்கொண்டுதான் போனேன். போட்டுக்கொண்டே திரும்பியும் வந்தேன். செல்வியின் மகள் கவிதா சின்னப் பெண்ணாக இருந்தபோது அதைத் தொட்டுப் பார்த்து, "இது எனக்கா பெரிம்மா?" என்று கேட்டிருக்கிறாள். "உனக்குத்தான்டி" என்றேன். கழற்றிக் கொடுத்திருக்கலாம். கல்யாணத்தின்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த அட்டிகை என் கழுத்துக்கு அழகாக இருந்தது, அதுதான் உண்மை. செல்வி ஒரு நாளும் வாய் திறந்து கேட்கவில்லை.

4

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்களூர்க்காரர் ஒருவரின் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு விழா. இரண்டு ரயில் மாறிப் போகவேண்டிய மண்டபம். ரயிலில் நம் பெண்களின் கழுத்தைப் பார்த்தே சங்கிலி அறுக்கிறார்கள் என்று எல்லோரும் எச்சரிக்கிறார்கள். அதனால் நான் புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தேன். தாலிக்கொடியைப் புடவைக்குள் தள்ளிவிட்டு, மேலே கவரிங் அட்டிகை, கவரிங் வளையல், கவரிங் காசு மாலை என்று போட்டுக்கொண்டேன். அசல் எல்லாவற்றையும் ஒரு துணியில் முடிந்து, இருபது கிலோ அரிசி மூட்டைக்குள் கை விட்டு அடியில் புதைத்தேன். அம்மா செய்ததைத்தானே நானும் செய்வேன்.

மண்டபத்தில் என் அட்டிகையைப் பார்த்து இரண்டு பேர், "அசல் மாதிரியே இருக்குதுக்கா" என்றார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சாயங்காலம் திரும்பி வந்தால் கதவு பிளந்து கிடந்தது. டிவி அப்படியே இருந்தது. வீட்டுக்காரரின் பீரோவை மேலோட்டமாகக் கலைத்திருந்தார்கள். சமையலறையில் மட்டும் நிதானமாக வேலை செய்திருந்தார்கள். இருபது கிலோ அரிசியையும் தரையில் கவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள். பருப்பு டப்பாக்களையும் விடவில்லை. இந்தத் தெருவில் எத்தனையோ நாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யார் வீட்டிலும் திருடன் அரிசியைக் கொட்டியிருக்க மாட்டான். எட்டு வருடம் என்னிடம் காசு வாங்கிய கம்பெனிக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிந்திருந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் ஒன்று விடாமல் சொன்னேன். அட்டிகை, அதில் எத்தனை கல், காசு மாலை, வளையல். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சர்க்கார் ஆளிடம் என்னிடம் இருந்ததை இருந்தபடி சொன்னேன். படம் இருக்கிறதா, பில் இருக்கிறதா என்றார். ஊரில் ஆசாரி துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்ததை எங்கே போய்த் தேடுவது?

மறுநாள் அசுரான்ஸுக்கு நிலாதான் போன் செய்தாள். வேறு ஊரில் வேலை பார்க்கிறாள், அங்கிருந்தே பேசி என்னையும் இணைப்பில் வைத்தாள். எதிர்முனையில் பேசிய பெண்ணின் குரல் தேனாக இருந்தது. கதவுக்கும் பூட்டுக்கும் பணம் தருவோம், கொட்டிப்போன உணவுப் பொருளைக்கூடச் சேதத்தில் எழுதலாம் என்றாள். நகையைப் பற்றிக் கேட்டதும் ஏதோ தட்டும் சத்தம். "மன்னிக்கவும் மதாம். விலையுயர்ந்த பொருட்கள் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்."

அவள் வைத்த பிறகும் நிலா இணைப்பில் இருந்தாள்.

"நா அன்னைக்கே சொல்ல வந்தேன் மமோன். நீதான் கிள்ளினே."

எட்டு வருடம் ஆகியும் அவள் தொடை அதை மறக்கவில்லை.

5

மூன்று மாதம் செல்விக்குச் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. அவளே கூப்பிட்டாள். கவிதாவுக்கு இடம் முடிந்துவிட்டது, வில்லியனூர்ப் பக்கம், பையனும் இவளும் சேதராப்பட்டில் ஒரே கம்பெனியில் வேலை. சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தவள், முதல் தடவையாக, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, அம்மா சொன்னது ஞாபகம் இருக்குது இல்ல? அட்டிகைய மட்டுமாவது கொண்டாந்துடுவியா? அவங்க வீட்டுல கேட்டுட்டாங்க."

சொன்னேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், மண்டபத்தில் என் கவரிங்கை அசல் மாதிரியே இருக்கிறது என்றார்கள் என்பதிலிருந்து அரிசி கொட்டிக் கிடந்தது வரைக்கும். அவளும் அழுதாள். "உனக்கு ஒண்ணும் ஆவல இல்ல? மாமாவுக்கு? அதுபோதும்" என்றாள். அன்றைக்கு அவள் அப்படித்தான் சொன்னாள். அதை நான் எழுதாமல் விட்டால் பாவம்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் போன். இந்த முறை குரல் வேறு.

"ஏன்க்கா, அங்க எல்லாத்துக்கும் அசுரான்ஸ் இருக்குதுன்னு நீதான சொன்னே. இட்லி குண்டானுக்கே இருக்குதுன்னே. தங்கத்துக்கு இல்லியா?"

"இல்ல செல்வி."

"எங்க தெருவுல எல்லாரும் சொல்றாங்க. அங்க திருட்டுப் போனா மொத்தமா குடுத்துடுவாங்களாம். எவ்ளோ குடுத்தாங்க? சொல்லுக்கா, நா இன்னா புடுங்கிக்கவா போறேன்?"

வாயால் சொன்னால் நம்பமாட்டாள் என்று காகிதத்தையே படம் பிடித்து அனுப்பினேன். கம்பெனி ஒன்றும் தராது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேறென்ன இருக்கிறது? அதில் எட்டு வருடத்துக்கு முன்னால் நான் போட்ட கையெழுத்தும் இருந்தது. அதைப் பற்றி நான் யோசிக்கவேயில்லை.

செல்வியின் வீட்டுக்காரர் அதை எடுத்துக்கொண்டு ஒரு சொல்தாவிடம் போயிருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். யாருக்கு எந்தப் பிரெஞ்சுக் காகிதம் வந்தாலும் படித்துச் சொல்ல அவர்தான். பெரியவர் கண்ணாடியைப் போட்டு வரி வரியாகப் படித்து, அந்த ஒரு வரியில் விரலை வைத்திருக்கிறார். வீட்டில் நகை எதுவும் இல்லை என்று இந்த அம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார், தேதி எட்டு வருடத்துக்கு முந்தியது.

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடியே இல்லன்னு கையெழுத்து போட்டிருக்கே" என்றாள் செல்வி. அழவில்லை, கத்தவில்லை. "அப்பவே வித்துட்டியாக்கா? வீடு மாறினப்பவா?"

"அய்யோ, இல்லடி. பயந்துகிட்டு அப்படிச் சொன்னேன். அம்மா சொல்லுவாளே, அந்த மாதிரி."

"அம்மா ரேஷன் கார்டுக்காரன்கிட்ட சொல்லுவா. நகைக்குக் காசு தரேன்னு சொல்றவன்கிட்ட எவளாவது இல்லன்னு சொல்லுவாளா?"

 அன்றைக்கு அசுரான்ஸ் ஆபீஸ் வாசலில் நிலா சொன்னதும் இதையேதான்.

"நாலு வருஷம் முன்னாடி வந்தப்ப போட்டிருந்தேனே, நீ பாத்தியே" என்றேன்.

"கவரிங் போட்டா அசல் மாதிரியே இருக்குதுன்னு நீதானக்கா சொன்னே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

6

கல்யாணத்துக்குத் தனியாகத்தான் போனேன். வீட்டுக்காரருக்கு லீவு இல்லை. நிலாவை அழைத்தேன். "நா வந்து இன்னா பண்ணப் போறேன், எனக்கு அங்க யாரையும் தெரியாது" என்றாள். கவிதாவும் அவளும் ஒரு காலத்தில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

கிளம்புவதற்கு முன்னால் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, தாலிக்கொடியைக் கழற்றினேன். ஐந்து சவரன். திருடனுக்குத் தப்பியது அது ஒன்றுதான். கல்யாணத்துக்கு முந்தின நாள் செல்வியின் கையில் வைத்தேன்.

"கவிதாவுக்கு. அட்டிகைக்கு ஈடு ஆவாது. என்கிட்ட இருக்கறது இவ்ளோதான்."

அவள் என் கழுத்திலிருந்த கயிற்றைப் பார்த்தாள். கொடியை வாங்கினாள்.  அதற்குள் அவள் வீட்டுக்காரர் அறைக்குள் இருந்து வந்து, அதை அவள் கையிலிருந்து வாங்கி உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். "பக்கத்துல நகைக்கடைதான். உரசிப் பாத்துட்டு வந்துடறேன்" என்று சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

செல்வி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "தப்பா நெனச்சுக்காதக்கா. மாப்ள வீட்டுல கேப்பாங்க."

அவர் திரும்பி வரும்வரை முக்கால் மணி நேரம் நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். காபி கொடுத்தாள். ஆறிப்போனதும் எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் சூடு பண்ணிக் கொடுத்தாள்.  அவர் வந்து, "அசல்தான்" என்றார், யாரையும் பார்க்காமல்.

மறுநாள் மண்டபத்தில் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. முன் வரிசையில் நாற்காலி போட்டார்கள், போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். என் கழுத்தில் வெறும் கயிற்றைப் பார்த்துவிட்டு ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம், "பிரான்சுல இருந்து வந்தவங்களாம்" என்றாள். அவ்வளவுதான்.

7

ஞாயிற்றுக்கிழமை நிலா சாப்பிட வந்தாள். மாதத்துக்கு ஒரு முறை வருவாள், சோறு வேண்டாம் என்று குழம்பை மட்டும் கிண்ணத்தில் ஊற்றிக் குடிப்பாள். அசுரான்ஸ் கடிதத்தை அவள் முன்னால் வைத்தேன். முகம் சுளிக்காமல் என் போனில் கம்பெனியின் படிவத்தைத் திறந்து கேள்விகளைப் படித்தாள். எத்தனை அறை, கதவுக்கு என்ன பூட்டு, மூன்று வகையில் எது வேண்டும்.

ஒரு இடத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கயிற்றைப் பார்த்தாள். நான் கொடியைக் கொடுத்துவிட்டு வந்ததை அவளிடம் சொல்லவில்லை. அவளும் இத்தனை மாதமாகக் கேட்கவில்லை.

"இல்லன்னு போடு" என்றேன்.

"நெசமா?"

"நெசமாதான்."

அழுத்தினாள். மேலே சொன்னதெல்லாம் உண்மை என்ற வரி வந்தது. போனின் கண்ணாடியில் விரலால் கையெழுத்துப் போட்டேன். ஒன்பது வருடமாக நான் ஒப்புக்கொண்டு வந்த அந்த வரி இந்த வருடம்தான் உண்மையாகியிருக்கிறது.

நிலா போன பிறகு அதைச் செல்விக்கு அனுப்பலாமா என்று நினைத்தேன். பார், இப்போதுதான் இல்லை, அப்போது இருந்தது என்று சொல்லலாம். பழைய காகிதத்தைத் தேடி எடுத்துப் புதியதோடு வைத்துப் பார்த்தேன். அதே வரி, அதே "இல்லை", அதே கையெழுத்து. சொல்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாலும் இரண்டையும் ஒரே மாதிரிதான் படிப்பார். அனுப்பவில்லை.